மஞ்சள் துணியில் யானைக் காசு

என் மைத்துனன் மாரிசாமிக்குக் கொள்ளேகாலத்தில் பட்டு நூல் வியாபாரம். விசேஷ வீடுகளில் என்னை நாலு பேருக்கு முன்னால் அறிமுகப்படுத்துவான்: "எங்க மச்சானுங்க. மைசூருல செல்லாக்காசு விக்கறாருங்க." எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். வேறென்ன செய்வது?

தேவராஜ மார்க்கெட்டுக்கு வெளியே, ஒரு வளையல் கடையின் ஓரத்தில் கோணி விரித்து உட்கார்ந்திருப்பேன். மழை தூறினால் கோணியைச் சுருட்டிக்கொண்டு ஓட வேண்டும். நாணயங்களைச் சிறு குவியல்களாகப் பரப்பியிருப்பேன். வருகிறவன் ஒன்றை எடுப்பான், புரட்டுவான், விலை கேட்பான். சொன்னதும் கீழே போட்டுவிடுவான். கன்னடத்தில் கேட்பவன் உண்டு, தமிழில் கேட்பவன் உண்டு, உருதுவில் கேட்பவன் உண்டு. கேள்வி மட்டும் ஒன்றுதான்: இதுக்கா இவ்வளவு?

விற்க வருகிறவர்கள் இன்னும் மோசம். பரணில் கிடந்த பழங்காசு கிடைத்தால் அப்படியே கொண்டுவர மாட்டார்கள். அடுத்தவர் கையில் அழுக்காகக் கொடுக்கலாமா என்று புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, குத்துவிளக்கு மாதிரி பளபளவென்று கொண்டுவந்து நீட்டுவார்கள். எழுத்தில் பாதி புளியோடு போயிருக்கும். "எப்படி மின்னுது பாருங்க" என்பார்கள். எனக்கு வயிறு எரியும்.

அப்புறம் ஏன் இந்தத் தொழில் என்றால், பிடித்திருக்கிறது. கறுத்துப்போன ஒரு காசைக் கட்டை விரலால் தடவிக்கொண்டே இருக்கும்போது, தேய்ந்த எழுத்து மெல்ல மெல்ல விரலுக்குத் தட்டுப்படும். இன்ன ராஜா, இன்ன ஊர் என்று தெரிந்துவிடும். அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு யார் மேலும் கோபம் கிடையாது. ஆனால் அதை வைத்து அரிசி வாங்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும்.

மராமத்து இலாகாவில் பென்ஷன் வாங்கிய கணபதிராமன்தான் என்னிடம் பேரம் பேசாமல் வாங்குகிற ஒரே ஆள். திப்பு காலத்துச் செம்புக் காசு என்றால் அவருக்கு உயிர். ஒரு பக்கம் யானை, மறு பக்கம் அச்சடித்த ஊரின் பெயர். சில ஊர்க் காசு தகர டப்பா நிறையக் கிடைக்கும். அரையணாவுக்குக்கூட ஆள் வராது. ஒரே ஒரு ஊர்க் காசு மட்டும் அவர் சேகரிப்பில் இல்லை.

"ஓய் கரியப்பன், அது ஒண்ணு கெடச்சா எம்பது ரூபா தரேன்" என்றார். "ஆனா பொங்கலுக்குள்ள வேணும். அப்பறம் பையன் என்னைப் பூனாவுக்கு அழைச்சுண்டு போயிடுவான்."

எண்பது ரூபாய். மார்க்கெட்டுக்குள் ஒரு சின்ன அறை காலியாக இருந்தது. முன்பணம் அறுபது. கதவு, பூட்டு, தலைக்கு மேலே ஓடு. அந்த அறைக்குள் கண்ணாடிப் பெட்டி எங்கே வைப்பது என்றுகூட நான் யோசித்து முடித்துவிட்டேன். பொங்கல் வரை எனக்காக நிறுத்திவைப்பதாக அறைக்காரர் சொன்னார்.

அந்தக் காசை ஏற்கெனவே மூன்று வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தவன் நான். கடைசியில் அது குண்டலுபேட்டைச் சந்தையில் ஓட்டைச் சொம்பு வாங்குகிற ஜடையனிடமிருந்து வந்தது. ஜடையனும் புளி போடுகிற ஆசாமிதான். அன்றைக்கு என்ன அதிர்ஷ்டமோ, அவன் வீட்டில் புளி தீர்ந்துபோயிருந்தது. கன்னங்கரேலென்று, எழுத்து ஒன்றுகூடச் சிதையாமல் என் கைக்கு வந்தது. நாலணா கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து அதை ஒரு வெல்வெட் துண்டில் சுற்றி, தனியாக ஒரு மரச்சிமிழில் வைத்தேன். கணபதிராமன் அப்போது பெங்களூர் போயிருந்தார். அவர் வரட்டும் என்று காத்திருந்தபோது எனக்கு ஜுரம் கண்டது. விஷ ஜுரம். மார்கழியில் பாதி எனக்கு நினைவே இல்லை. டாக்டர் கையை விரித்துவிட்டாராம். மாரிசாமி வந்து தலைமாட்டில் உட்கார்ந்து அழுதானாம். அதைப் பார்க்கத்தான் எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

எழுந்து உட்காரத் தெம்பு வந்ததும் முதல் வேலையாகச் சிமிழைத் திறந்தேன். வெல்வெட் இருந்தது. காசு இல்லை.

"நஞ்சம்மா, இதுல இருந்த காசு எங்க?"

என் மனைவி அடுப்பைவிட்டு நகராமல் சுவரைக் காட்டினாள். மலைச்சாமி மாதேஸ்வரன் படத்துக்குக் கீழே ஆணியில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு தொங்கிக்கொண்டிருந்தது.

"டாக்டரு கைய விரிச்சப்ப சாமிக்கு முடிஞ்சு வெச்சேனுங்க. நீங்க எந்திரிச்சு நடந்தா, மலையேறி உங்க கையாலயே உண்டியல்ல போடறதா வேண்டிக்கிட்டேன்."

எனக்கு மறுபடி ஜுரம் வந்துவிடும்போல இருந்தது. வீட்டில் காசுக்கா பஞ்சம்? தகர டப்பா நிறைய யானை. ராணி தலை, ராஜா தலை, தலையே இல்லாதது. ஆயிரம் காசில் இந்த ஒன்றா இவள் கையில் அகப்பட வேண்டும்? இருந்ததிலேயே கறுப்பாக, அசிங்கமாக இருந்ததால் எடுத்திருப்பாள். பன்னிரண்டு வருஷம் என்னோடு குடித்தனம் செய்தும் இவளுக்கு எல்லாம் ஒரே செல்லாக்காசுதான். மாரிசாமிக்குக் கூடப் பிறந்தவள் வேறு எப்படி இருப்பாள்?

"அத அவுத்துட்டு வேற போட்டுக்கலாம். ரெண்டு வெள்ளி ரூபா தரேன்."

"சாமி பேரச் சொல்லி முடிஞ்சத அவுக்கறதாவது? உங்க உசுருக்கு முடிஞ்சதுங்க. அதுல போயி கைய வெக்காதீங்க."

கெஞ்சிப் பார்த்தேன். அதட்டிப் பார்த்தேன். அறையைப் பற்றிச் சொன்னேன், கணபதிராமனைப் பற்றிச் சொன்னேன். ரூபாய்க் கணக்கு மட்டும் சொல்லவில்லை. சொன்னால் உடனே மாரிசாமிக்குப் போய்விடும். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "பொங்கலுக்கு முன்னாடியே மலைக்குப் போயிட்டு வந்துரலாமுங்க" என்றாள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அவள் தண்ணீருக்குப் போயிருந்த நேரம், டப்பாவிலிருந்து அதே அளவில் ஒரு சாதா யானைக் காசை எடுத்தேன். அவள் துணி கிழித்த அதே பழைய வேட்டியில் ஒரு துண்டு கிழித்து, மஞ்சளில் நனைத்து, அதே மாதிரி முடிந்து மடியில் வைத்துக்கொண்டேன். சாமிக்கு யானைதானே வேண்டும்? யானை போகும். எந்த ஊர் யானை என்று மாதேஸ்வரன் விசாரிக்கப்போகிறாரா? கெட்ட எண்ணம் என்று யாராவது சொன்னால் அவர்களை ஒரு மழைக்காலம் என் கோணியில் உட்காரவைப்பேன்.

பஸ்ஸில் கொள்ளேகாலம் போய், அங்கிருந்து கௌதள்ளியில் மாமனார் வீட்டில் தங்கி, பிறகு காட்டுவழியாக நடந்தோம். ஜுரத்தில் கிடந்த கால் எனக்கு. நூறடிக்கு ஒரு தரம் உட்கார வேண்டியிருந்தது. அவள் முடிச்சை இடுப்பில் செருகியிருந்தாள். நான் உட்காரும்போதெல்லாம் தண்ணீர் கொடுத்துவிட்டு அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். எனக்கு எரிச்சலாக வந்தது. என் சொத்து அவள் இடுப்பில், அவளோடு மலையேறிக்கொண்டிருக்கிறது.

கோயிலில் நல்ல கூட்டம். "உகே மாதப்பா" என்று கன்னடக்காரர்களும் நம்மவர்களும் சாமியைக் கூப்பிட்டுச் சேர்ந்து போட்ட சத்தத்தில் காது அடைத்தது. அது எனக்கு வசதிதான். வரிசை உண்டியலுக்குப் பக்கத்தில் வந்ததும், நஞ்சம்மா முடிச்சை எடுத்துக் கண்ணில் ஒற்றி, என் வலது கையில் வைத்தாள். என் இடது கை மடியில் இருந்தது. கையைக் கூப்புகிற சாக்கில் மாற்றிக்கொள்ள ஒரு நொடி போதும்.

"இது உங்களுக்கு எத்தன ஆசையான காசுன்னு எனக்குத் தெரியுமுங்க" என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன்.

"ஜுரத்துல கிடந்தப்பக் கூட, சிமிழு சிமிழுன்னுதான் பேத்திக்கிட்டு இருந்தீங்க. என் பேரக்கூடச் சொல்லுல. ஏதோ ஒண்ணு போதும்னா டப்பாவுல கைய வுட்டிருப்பேனுங்க. உங்க உசுரக் கேக்கறப்போ, டப்பாவுல கிடக்கறத எடுத்துக் குடுத்தா சாமி ஒத்துக்குமா?"

பின்னால் இருந்தவன் தள்ளினான். இடது கை மடியிலேயே கிடந்தது. வலது கையை நீட்டி, அவள் கொடுத்ததைப் போட்டேன். உள்ளே விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

தரிசனம் எப்படி நடந்ததென்று கேட்டால் எனக்குத் தெரியாது. இறங்கும்போது அறை போயிற்று, பூட்டு போயிற்று, கண்ணாடிப் பெட்டி போயிற்று என்று ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டே வந்தேன். அவளைத் திட்டவும் முடியவில்லை. தெரியாமல் எடுத்திருந்தால் ஆயுசுக்கும் திட்டிக்கொண்டிருக்கலாம். தெரிந்தே எடுத்தவளை என்ன சொல்வது? ஒரு புளியமரத்தடியில், அவள் முன்னால் நடக்கட்டும் என்று நின்று, மடியில் உறுத்திக்கொண்டிருந்த முடிச்சை அவிழ்த்து, காசைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அரையணாக் காசு. அதையும் விடுவானேன்?

கொஞ்ச தூரம் போனதும் அவள் கேட்டாள்.

"ஏனுங், அந்தக் காசுக்கு ஐயரு என்ன தரேன்னாரு?"

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? "எம்பது ரூபா."

அவள் நின்றுவிட்டாள். அடுத்து வரப்போகிற கேள்வி எனக்கு மனப்பாடம். கோணியில் உட்கார்ந்து தினமும் கேட்பதுதான். பதில் சொல்லத் தயாராகப் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"எம்பதுதானுங்களா?" என்றாள். அவள் முகம் வாடிப்போயிருந்தது. "அவ்வளவுதானா அதுக்கு?"

இத்தனை வருஷத்தில் என் சரக்குக்கு விலை பற்றாது என்று சொன்ன முதல் ஆள் அவள்தான்.