ஐந்தாவது பீங்கான் குழாய்

இருப்புக் கொள்ளாதவளை இந்த உலைக்குக் காவல் வைக்கவே கூடாது. நாமக்கல் பண்ணையொன்றில் கோழி எரு வாயுவிலிருந்து ஹைட்ரஜன் பிரிக்கும் உலை அது. உள்ளே பென்சில் தடிமனில் ஒரு பீங்கான் குழாய். ஏற்கெனவே நான்கு குழாய்கள் விரிசல் விட்டுவிட்டன. லாரி பாடி கட்டிய பழக்கத்தில் ஃபிட்டர் சின்னண்ணன் போல்ட்டை அரைச் சுற்று கூடுதலாக முறுக்கியதுதான் காரணமென்று உலையின் பொறியாளர் தனப்பிரியா அவரைக் கிழித்துத் தொங்கவிட்டாள். ஐந்தாவதை அவளே மாட்டினாள்.

சூடு நிமிடத்துக்கு ஒரு டிகிரிதான் ஏற வேண்டும். எண்ணூற்றைம்பதைத் தொடப் பதினான்கு மணி நேரம். மதியத்துக்குள் பத்து முறை எழுந்து நடந்தவள், பொறுக்கமாட்டாமல் வேகத்தை ஐந்தாக்கினாள்.

சற்று நேரத்தில் உள்ளே டக்கென்று ஒரு சத்தம். குழாய் போயிற்று.

வாசலில் நின்ற சின்னண்ணன் இரு கைகளையும் விரித்துக் காட்டினார்.

"நான் கிட்டக்கூட வரலீங்க, அம்மணி."