ஒரு வரி தள்ளி

...சரி, அதற்காகப் பிழை என்று தெரிந்தே திரும்ப உள்ளே வைப்பதா, அதுவும் தன் கையாலேயே, போன வாரம்தான் தம்பட்டம் அடித்துக்கொண்டு நீக்கிய பிழையை? மடிக்கணினி மேல் அவள் விரல் அப்படியே நின்றது. பின்கட்டில் வாஷிங் மெஷின் தடதடத்தது. பொழுதுபோக்குக்காக நிரல் எழுதுகிறவர்களுக்கு ஜன்னல், பட்டன், பட்டியல் என்று திரையில் வரைந்து கொடுக்கும் கிழட்டு மென்பொருள் தொகுப்பு அது. ஆரம்பித்தவர் கைகழுவிவிட்டுப் போக, சம்பளமில்லாத உத்தியோகமாக அவள் தலையில் விழுந்தது. வந்த நாளிலிருந்து கண்ணை உறுத்தியது அந்த ஒரு பிழைதான்: பட்டியலில் எந்த வரியைத் தொட்டாலும் அதற்கு மேல் வரியைத் தொட்டதாகச் சொல்லும். யாரும் முணுமுணுக்கக்கூட இல்லை, ஆளாளுக்குத் தங்கள் நிரலில் வரி எண்ணோடு ஒன்றைக் கூட்டிச் சமாளித்துக்கொண்டார்கள்... அவளுக்குத்தான் பொறுக்கவில்லை. சரிசெய்தாள். உலகமே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டது போல ஒரு பெருமிதம், ஒரு வாரம் நீடித்தது, காலையில் போன் வரும்வரை.

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். “தப்பா எடுத்துக்காதீங்கம்மா, நீங்க புதுசாக்கினதுலேர்ந்து எங்க வீட்டம்மா ஒண்ணு தொட்டா அது வேற ஒண்ணு பேசுது.” மனைவிக்குப் பேச்சு போய்விட்டது. அவரே எழுதிய நிரல், திரையில் ஒரு பட்டியல்: தண்ணி வேணும், வலிக்குது, பாட்டு போடு, விளக்க அணை. அந்த அம்மா தொட்டால் கணினி வாய்விட்டுச் சொல்லும். “நேத்து பூரா பாட்டு போடு, பாட்டு போடுன்னே சொல்லிச்சு. பரவாயில்லையே, குஷியா இருக்கான்னு போட்டுக்கிட்டே இருந்தேன். சத்தம்கூட கூட்டி வெச்சேன். அப்புறம் கண்ணுல தண்ணி வரவும்தான்...” அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம், நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருக்கலாம். அவள் திருத்தியாயிற்று, அவர் கூட்டிய ஒன்று அப்படியே இருக்கிறது, ஆகவே எல்லாம் ஒரு வரி கீழே. வலிக்குது என்று ஒருத்தி தொட்டுத் தொட்டு, பதிலுக்குப் பாட்டு, மேலும் பாட்டு, இன்னும் சத்தமாக...

“யாரு போன்ல? பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க.” கணவன், தோளில் ஈரத் துணியோடு.

“லிஃப்ட் மெக்கானிக்.”

“நம்ம வீட்ல லிஃப்டே இல்லையேம்மா!”

சிரிப்பு வரவில்லை. பழையதையே திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள் என்று அவரிடம் சொல்லிவிடலாம், சொல்வது சுலபம், ஆனால் போன் பண்ணாதவர்கள்? தன் நம்பர் தெரியாதவர்கள்? எத்தனை வீட்டில் எது எதை மாற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறதோ... சரி என்பது அவள் ஒருத்தியின் கண்ணுக்குத்தான் சரியா? மற்றவர்கள் அந்தக் கோணலை அஸ்திவாரமாக நினைத்து அதன்மேல் வீடு கட்டிக் குடியேறிவிட்டார்களே. நாளைக்கு எவனாவது கெட்டிக்காரன் கேலி பண்ணுவான், பண்ணட்டும். வைத்தாள். பிழையைத் தூசி தட்டி அதே இடத்தில் வைத்தாள், பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதினாள்: தெரிந்தேதான், தொடாதே. வெளியிட்டுவிட்டு அவரைக் கூப்பிட்டாள்.

“புதுசு வந்துடுச்சும்மா, ஏத்திட்டேன். இருங்க, அவளையே தொடச் சொல்றேன்... ஏய், நீயே ஒண்ணத் தொடு பாப்போம்.”

திரையில் விரல் தட்டும் சத்தம். பிறகு உணர்ச்சியே இல்லாத அந்த இயந்திரக் குரல், தெளிவாக: வலிக்குது.

“கேட்டீங்களா! அச்சு அசலா அவ தொட்டதையே சொல்லுதும்மா! நீங்க நல்லா இருக்கணும்!”

அவளும் சிரித்துவிட்டாள், வாய்விட்டே, அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள். வேலை செய்கிறது, ஒரு வரிகூடத் தள்ளவில்லை, ஜெயித்தாயிற்று. அவர் போனை வைத்த பிறகும் அந்தச் சிரிப்பு முகத்தில் கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டிருந்தது, பிறகு மெல்ல... எந்த வரியைத் தொடச் சொன்னார் அவர்? எதையும் சொல்லவில்லையே. நீயே ஒண்ணு என்றுதானே... அந்த அம்மாவாகத் தேடித் தொட்ட வரி அது.