செல்லாத விடை

அந்தச் சொல் விளையாட்டு நிகழ்ச்சி டிவியில் ஓடியது மூன்றே மாதம். ஒரு பிரபலமும் ஒரு சாதாரண ஆளும் ஜோடி. ஒருவர் கையில் ஓர் அட்டை. அதில் இருப்பதைச் சொல்லாமல் வேறொரு ஒற்றைச் சொல்லைக் குறிப்பாகக் கொடுப்பார், மற்றவர் கண்டுபிடிக்க வேண்டும். ஊரே சேனலை மாற்றிவிட்டது. லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி மட்டும் ஒரு நாள் விடாமல் பார்த்தாள்.

அவள் ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள், வாயால் பிழைத்தவள். பக்கவாதம் வந்து கைகால் தேறியும் பேச்சு திரும்பவில்லை. மிஞ்சியவை நாலைந்து சொற்கள். பேச்சுப் பயிற்சிக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள். "சொல்லெல்லாம் உள்ளதான் இருக்கு. முயற்சியை விட்டா அப்படியே அடங்கிடும்" என்று பயிற்சியாளர் சொன்னார். மெக்கானிக் அவளிடம் கெஞ்சினார், கோபித்தார், ஒன்றும் பலிக்கவில்லை. டிவி முன்னால் மட்டும் அவள் உதடு லேசாக அசைந்தது. நேரில் பார்த்தால் ஒரு சொல்லாவது வராதா என்ற நப்பாசையில் அவரே போட்டியில் சேர்ந்தார்.

ஜோடியாக வாய்த்தவர் குண்டூசி என்று பெயரெடுத்த சிரிப்பு நடிகர். அவர் கொடுத்த குறிப்புக்கெல்லாம் மெக்கானிக் பட்பட்டென்று விடை சொன்னார். வீட்டில் இரவும் பகலும் அவருக்கு அதுதானே வேலை! கடைசிச் சுற்றில் அட்டை மெக்கானிக் கைக்கு வந்தது. 'குடை' என்றிருந்தது. மழை என்று சொன்னால் பச்சைக் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். ஆனால் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "தம்பி" என்றார்.

அது வீட்டுக் குறிப்பு. மனைவியின் தம்பி இரவல் வாங்கிப் போன குடை திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை. பேச்சுப் போன பிறகு, மழை நாளில் அவள் "தம்பி" என்றால் குடையை எடு என்று அர்த்தம். பாவம், குண்டூசிக்கு இது எப்படித் தெரியும்?

"அண்ணன்? சண்டை? சொத்து?" என்று அடுக்கினார். அரங்கம் சிரித்தது.

"குடை!"

பார்வையாளர் வரிசையிலிருந்து தெளிவாக ஒரு குரல். மனைவியின் குரல் இப்படிப் பளிச்சென்று ஒரு புதுச் சொல்லைச் சொல்லி மெக்கானிக் கேட்டு ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. பார்வையாளர் விடை சொன்னால் சுற்று செல்லாது. மணி அடித்தது, எதிர் ஜோடி வென்றது. அவர் மேடையிலேயே தேம்பித் தேம்பி அழுதார். தோற்ற வருத்தம் என்று நினைத்துத் தொகுப்பாளினி தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

"நீதான் சொன்னே. என் காதால கேட்டேன்" என்றார் வழியில்.

தன்னையறியாமல் வாய் சொன்னது அவளுக்கே தெரியவில்லை; இல்லையென்று தலையாட்டினாள். பக்கத்துச் சீட்டுக்காரி சொன்னதாகச் சைகை காட்டினாள். தன்னைத் தேற்றக் கதை கட்டுகிறார் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"டிவில வரட்டும், நீயே கேளு."

டிவியில் வருவதற்குள் நிகழ்ச்சியையே நிறுத்திவிட்டார்கள். பார்க்க ஆளில்லையாம். பதிவாவது கிடைக்குமா என்று அலைந்தவரிடம், எல்லாவற்றையும் அழித்தாயிற்று என்றார்கள். அன்றோடு அவளும் டிவியை அணைத்துவிட்டாள். உதடு அசைவதும் நின்றது. மெக்கானிக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலிருந்தது.

கடைசியில் குண்டூசிக்குப் போன் போட்டு, அன்று நடந்ததை வந்து சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டார். வேலையில்லாமல் இருந்த குண்டூசி வந்தார். அவளைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"நீங்கதானே அது! மூணாவது வரிசைல உக்காந்து கத்தினீங்களே, நான் பார்த்தேனே! இன்னும் ரெண்டு நொடி விட்டிருந்தா நானே சொல்லியிருப்பேம்மா. ஜெயிக்க இருந்த ஆட்டத்தை இப்படிக் கெடுத்துட்டீங்களே!"

சொல்லியிருப்பாராவது! ஆனால் கோபம் மட்டும் அசல். மனுஷன் தோல்வியை இன்னும் மறக்கவில்லை.

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். ஆறுதல் சொல்ல வந்தவர் இப்படிச் சண்டை பிடிக்கமாட்டார். கணவர் பக்கம் திரும்பித் தன் நெஞ்சில் விரலை வைத்தாள். அவர் தலையசைத்தார். அவள் வாய்விட்டு அழுதாள். குண்டூசி பதறி உள்ளே வந்தார்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியைக் குண்டூசி பக்கம் நகர்த்தி வாயைத் திறந்தாள்.

"உ..." என்றாள். கழுத்து நரம்பு புடைத்தது. "உ..."

அவள் என்ன சொல்ல வருகிறாள் என்று மெக்கானிக்குத் தெரியும். இந்த ஒன்றரை வருஷமாக அவள் வாயெடுக்கும் முன்பே அவர்தான் சொல்லி முடித்துக்கொண்டிருந்தார். இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தார். குண்டூசி நின்றுகொண்டே இருந்தார்.