ஊருக்குள் ஓர் ஆண்

"ஹாசல்பாக் ஊர் மக்கள் அனைவருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: நம்மிடையே ஓர் ஆண் மறைந்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்து வேரோடு பிடுங்கும்வரை எந்த வேலியும், எந்த பால்கனியும் சோதனைக்கு விலக்கல்ல. இப்படிக்கு, கோர்பினியன் ஒஸ்டர்மையர், தலைவர், வீட்டு பீர் காய்ச்சுவோர் சங்கம்."

தேவாலயத்தின் அறிவிப்புப் பலகையில், இறந்தோர் பூசைப் பட்டியலுக்கும் காணாமல் போன பூனைக்கும் நடுவில் இது ஒட்டப்பட்டிருந்தது. விதவை கிரெஸென்ஸ் இரண்டு முறை படித்தாள்.

"என் வீட்ல ஆம்பளை இருந்தா நானே போர்டு எழுதிப் போட்டிருப்பேனே" என்று சொல்லிவிட்டு ரொட்டி வாங்கப் போய்விட்டாள்.

கோர்பினியனுக்கு இது சிரிக்கிற விஷயமாகப் படவில்லை. பீருக்குக் கசப்பும் மணமும் தர வேண்டியது பெண் ஹாப்ஸ் கொடியின் பச்சைக் கூம்புகள் மட்டும்தான். பக்கத்தில் எங்காவது ஓர் ஆண் கொடி நின்றால், ஜூலை காற்றில் அதன் மகரந்தம் பறந்து வந்து கூம்புக்குள் விதை பிடித்துவிடும். விதை எண்ணெய் விடும், எண்ணெய் நுரையைக் கொல்லும். அதனால்தான் இந்தப் பக்கம் ஆண் கொடியைக் கண்ட இடத்தில் பிடுங்கிவிடுவார்கள். இந்த ஆகஸ்டில் தன் வீட்டுச் சுவரில் பறித்த கூம்பைக் கோர்பினியன் விரலால் பிளந்தபோது, மஞ்சள் பொடியோடு கறுப்பாக ஏதோ உருண்டது. அடுத்த கூம்பிலும் உருண்டது.

அதுவும் எந்த வருடம்? ஊர்த் தீயணைப்புப் படையின் நூற்றிருபத்தைந்தாவது ஆண்டு விழாவில், அக்டோபரில், முதல் பீப்பாய் கோர்பினியனுடையதாக இருக்கும் என்று பேசி முடித்த வருடம். சேமிப்பு வங்கியில் கிளை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றபின் அவர் ஆசைப்பட்ட ஒரே மேடை அது. உரை எழுதி, குளியலறையில் பலமுறை படித்தும் பார்த்திருந்தார். படையின் தளபதியான குவிரின், பரம்பரை ஹாப்ஸ் விவசாயி. குன்றுக்கு அந்தப் பக்கம் இருந்ததால் அவன் தோட்டம் தப்பித்தது. அவன் சுருக்கமாகச் சொல்லிவிட்டான்: ஆண் எங்கே என்று தெரியாமல் விதை பிடித்த கூம்பில் காய்ச்சியதை மேடையேற்ற மாட்டான், ஆலையிலிருந்து பீர் வரவழைத்துக்கொள்வான்.

ஆகவே வேட்டை தொடங்கியது. செப்டம்பரில் ஆண் பூ உதிர்ந்துபோயிருக்கும். கூம்பே பிடிக்காத கொடி எது என்று பார்ப்பதுதான் வழி. கோர்பினியன் வேலி வேலியாகப் பார்த்தார். ஏணி இரவல் கேட்கும் சாக்கில் கொல்லைகளுக்குள் நுழைந்தார். கோழிக்கூண்டின் கூரையைக்கூட விடவில்லை.

தினமும் புறப்படும் இடம் தீயணைப்பு நிலையம். அங்கே ஈரக் குழாய்களைத் தொங்கவிட்டு உலர்த்தும் உயரமான கோபுரத்தின் அடியில் அவருடைய ஆதிக்கொடி நின்றது. ஆற்றங்கரைப் புதரில் அவரே கண்டெடுத்து, மடத்தில் பீர் காய்ச்சிய துறவிகள் காலத்து ஹாப்ஸ் என்று அவரே தீர்மானித்து, பாதிரியாரை வைத்து நட்டது. மூன்று கோடையாக ஏறி இந்த வருடம்தான் உச்சியைத் தொட்டதே தவிர ஒரு கூம்பு கூடக் கொடுக்கவில்லை. உயர்ந்த குலம் அவசரப்படாது என்று கோர்பினியன் விளக்கம் சொல்லியிருந்தார். கீழே அவர் பெயர் பொறித்த பித்தளைப் பலகை. பித்தளைப் பலகை வைத்த எதையும் ஊரில் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

சந்தேகம் முழுவதும் பக்கத்து வீட்டு டெட்லெஃப் மேல் விழுந்தது. வடக்கே ஹாம்பர்க்கிலிருந்து குடிவந்தவன்; வடக்கிலிருந்து வருகிற எவனும் ஊர்க் கணக்கில் பிரஷ்யாக்காரன். காலையிலும் "மொய்ன்" என்பான், சாயங்காலமும் "மொய்ன்" என்பான். வேளை தெரியாமல் வணக்கம் சொல்கிறவனை எப்படி நம்புவது? தேநீர் குடித்தான். பால்கனியில் நிழலுக்கென்று ஒரு ஹாப்ஸ் கொடி வளர்த்தான், ஆனால் பீர் காய்ச்சவில்லை. போதாததற்கு, கோடை முழுவதும் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எதைப் பார்க்கிறான் என்று கேட்டால், சும்மா என்றான்.

டெட்லெஃப் சைக்கிளில் வெளியே போயிருந்த ஒரு மத்தியானம் கோர்பினியன் ஏணியைச் சாய்த்தார். பிடித்துக்கொண்டது மனைவி வால்புர்கா. பால்கனிக் கொடி நிறைய, கொத்துக் கொத்தாகக் கூம்புகள்.

"பொண்ணுதானே? இறங்கு" என்றாள் வால்புர்கா.

"அதான் தந்திரம். முன்னாடி பொண்ணை நிறுத்திட்டு ஆணைப் பின்னாடி ஒளிச்சு வச்சிருக்கான்."

"அந்த மனுஷன் சாக்ஸைக்கூட வெளியிலதான் காயப்போடறான். அவன் எதை ஒளிக்கப்போறான்?"

அவன் சாக்ஸைப் பற்றி இவளுக்கு எப்படித் தெரியும் என்ற புதுச் சந்தேகத்தோடு கோர்பினியன் இறங்கினார். அன்றிரவு சூப்பில் உப்புக் குறைந்திருந்ததையும் அவர் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

ஞாயிறு பூசை முடிந்து சங்கம் உணவு விடுதியில் கூடியது. வெள்ளை சாஸேஜ் ஆறுவதற்குள் கோர்பினியன் எழுந்து நின்று, ஹாப்ஸின் மணம் பற்றியும் பதினாறாம் நூற்றாண்டின் பீர்த் தூய்மைச் சட்டம் பற்றியும் வடக்கத்தியரின் நாக்கு பற்றியும் நீண்ட நேரம் பேசி, கடைசியில் விஷயத்துக்கு வந்தார். ஓர் அந்நியன் நம் ஊரைத் தொலைநோக்கியால் வேவு பார்க்கிறான். அவன் வீட்டைச் சோதனை போட வேண்டும். ஓரத்து மேசையில் உருளைக்கிழங்கு சாலட் தின்றுகொண்டிருந்த டெட்லெஃப் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"நான் பாத்தது குருவிங்க" என்றான். "சிவப்பு வாலு இருக்குமே, அது. குழாய்க் கோபுரத்து உச்சியில கூடு கட்டியிருந்துச்சு. ஊருக்குத் தெரிஞ்சா பசங்க கல்லெறிவாங்கன்னுதான் சொல்லல."

சாட்சிக்குத் தன் போனையும் நீட்டினான். ஜூலையில் எடுத்த படம். குருவி மேசை மேசையாகச் சுற்றி வந்தது. எல்லோரும் வாலைப் பாராட்டினார்கள். குவிரினிடம் வந்ததும் நின்றது. அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினான். குருவியை அல்ல, அது உட்கார்ந்திருந்த கொடியை. அதில் திராட்சைப் பூப்போல வெளிர் மஞ்சளாகச் சின்னப் பூக்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

"தலைவரே, ஆண் கிடைச்சாச்சு."

"எங்க? யாரோடது?" கோர்பினியனின் குரல் வெற்றியில் நடுங்கியது.

"கோபுரத்துல. கீழ பேரு போட்டிருக்கு பாருங்க."

 முதலில் சிரித்தது வால்புர்காதான்.

குவிரின் தீர்ப்பும் சுருக்கமாகவே இருந்தது. ஆண் இருக்கும் இடம் தெரிந்துவிட்டது, இனி அது போய்விட வேண்டும். தலைவரே ஏறி, ஊர் பார்க்க, தன் கையால் அறுத்து, வேரையும் தோண்டிப் போட்டால் பீப்பாய்க்கு அனுமதி உண்டு. கோர்பினியன் ஏறினார். ஏணியைப் பிடித்துக்கொண்டது டெட்லெஃப். அவர் இறங்கியதும் அவன் "மொய்ன்" என்றான். கோர்பினியன் பதிலுக்கு ஏதோ முனகினார்.

அக்டோபரில் விதை பிடித்த கூம்பில் காய்ச்சிய பீப்பாய் மேடையேறியது. துறவிகள் பற்றிய பகுதியை வெட்டியதில் உரை பாதியாகியிருந்தது. குவிரின் பீப்பாய்க்குள் திறப்புக் குழாயை அடித்து இறக்கினான். நுரை எப்படி நிற்கப்போகிறதோ என்று கோர்பினியன் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

போன வருடப் பீருக்கும் இதற்கும் யாருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.