அண்ணன் கட்டத்துக்கு ஒரு குறி

இறந்துபோனவர்களுக்கு என்ன குறி போடுவது என்பதிலேயே பாதி நாள் போய்விட்டது. அவன் பேனர் அடிக்கிற கடைக்காரன். சொந்தக்காரர்கள் ஒன்றுகூடும் நாளுக்குக் குடும்ப மரத்தைப் பெரிதாக அடித்துத் தருவதாக வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். ஆளுக்கொரு கட்டம் என்று திரையில் வரைந்தாகிவிட்டது. குறுக்கே ஒரு கோடு இழுப்பதுதான் வழக்கம் என்று தாத்தா கட்டத்தில் இழுத்தான், அப்பா கட்டத்திலும் இழுத்தான். பக்கத்தில் முக்காலியில் இருந்த அம்மா தலையாட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் கட்டத்துக்கு வந்ததும் அவன் கையைப் பிடித்தாள்.

"என்னடா, புள்ளைய அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு?"

"அப்பாவுக்கும் அதத்தானம்மா போட்டேன்."

"அவரு ஒண்ணும் நெனைக்க மாட்டாரு. இவனுக்கு வேற பாரு."

பெருக்கல் குறி போட்டால் கணக்கைத் தப்பு என்று அடித்தது போலிருந்ததாம். கறுப்பாக நிரப்பினால் முகத்தில் மை பூசியது போலிருந்ததாம். அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணன் ஆறு வயதில் காய்ச்சலில் போனவன். அண்ணன் அழமாட்டான், அண்ணன் சிந்தாமல் சாப்பிடுவான் என்று கேட்டுக் கேட்டே இவன் வளர்ந்தான். ஆறு வயதில் போனவனுக்குக் கெட்ட பெயர் எடுக்க நேரம் ஏது? இவனுக்குத்தான் ஐம்பது வருஷம் கிடைத்தது, எடுத்துத் தள்ளிவிட்டான்.

கடைசியில் சின்ன நட்சத்திரம் ஒன்று அம்மாவுக்குப் பிடித்துப்போனது. ஒருவனுக்கு மட்டும் வைத்தால் கேட்பார்கள் என்று, கோடுகளை எடுத்துவிட்டு மறைந்தவர்கள் எல்லாருக்கும் நட்சத்திரமே வைத்தான். அம்மா அண்ணனுடையதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒட்டினாற்போல் இவனுடைய மொட்டைக் கட்டம். அந்தப் பக்கம் அவள் கண் திரும்பவே இல்லை.

அம்மா தண்ணீர் குடிக்க எழுந்து போனாள். செத்தவன் மேல், அதுவும் சின்னப் பையன் மேல் பொறாமை என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள். ஒரு நட்சத்திரத்தை நகலெடுத்துத் தன் கட்டத்தில் வைத்துப் பார்த்தான். நன்றாகத்தான் இருந்தது.

பின்னால் தம்ளர் விழுந்து உருண்டது.

"எடுடா அத!"

"சும்மாம்மா, எப்படி இருக்குன்னு..."

அவன் மவுஸைப் பிடிப்பதற்குள் அம்மா அவன் தோளைத் தாண்டிக் குனிந்து, ஈர உள்ளங்கையால் திரையைத் தேய்த்தாள். நட்சத்திரம் போகவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தாள். பக்கத்திலிருந்த அண்ணன் கட்டமும் ஈரத்தில் கலங்கி மறைந்துபோனதை அவள் கவனிக்கவே இல்லை.