முருகாவுக்கு அப்புறம்

1.
இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒட்டுக்கேட்டேன். பிம்ப்ரி பஸ்ஸில் முன் இருக்கையில் ஒருத்தி தன் சிநேகிதியிடம் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். புனேயில் யாருக்குப் புரியப்போகிறது என்ற தைரியம். நானும் மராத்திக்காரன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். (ரகசியத்தைப் பற்றிய கதைக்கு இதைவிடப் பொருத்தமான பிறப்பு கிடையாது.) சொன்னவளுக்குக் கிரிஜா என்று பெயர் வைக்கிறேன்.

2.
முதல் தொடக்கம்: "2005ஆம் ஆண்டு, கணினித் துறையின் அபார வளர்ச்சியால் மகர்பட்டாவில்..." வேண்டாம். கட்டுரைப் போட்டி வாடை அடிக்கிறது.

இரண்டாவது: கிரிஜா ஒரு பூட்டு செய்தாள். இது பரவாயில்லை. இணையப் பக்கங்களை இயக்கும் பி.ஹெச்.பி. மொழியில், எழுதியதைப் பூட்டி வைக்கும் வசதி அவளுக்குப் பிடித்த மாதிரி இல்லை. அந்த மொழியோடு ஒட்டிக்கொள்ளும் நீட்சி ஒன்றை, ஆபீஸ் வேலை போக மிச்ச நேரத்தில் எழுதினாள்.* அதை வைத்துப் புனேத் தமிழ்ப் பெண்களுக்கு ஒரு டைரித் தளம். ஆளுக்கொரு பக்கம், ஆளுக்கொரு சாவி. சாவி என்பது அவரவர் மனசுக்குள் வைத்திருக்கும் ஒரு தமிழ் வாக்கியம். "அது இல்லாம நானே நெனைச்சாலும் தொறக்க முடியாது" என்று எல்லோருக்கும் வாக்குக் கொடுத்திருந்தாள்.

அந்தத் தைரியத்தில் தன் பக்கத்திலும் எழுதிப் பூட்டினாள்: 'ஷ்யாமுக்குச் சென்னைக்கு மாற்றல். எனக்குப் போக இஷ்டமில்லை. அவனிடம் எப்படிச் சொல்வேன்?'

[* நீட்சி வேலை செய்யும் விதத்தை மூன்று பத்தி எழுதி அடித்துவிட்டேன். எனக்கே புரியவில்லை.]

3.
ருக்மிணி, கிரிஜாவின் கணவன் ஷ்யாமின் அக்கா. கல்யாணமானதிலிருந்து புனேயில் சாங்விவாசி. இவளை வில்லியாக்கலாம் என்றுதான் இருந்தேன், நாத்தனார் ஆயிற்றே. அவள் ஒத்துழைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஷ்யாம் காய் வாங்கப் போயிருந்தபோது வந்தாள்.

"கிரிஜா, ஏக்தம் பக்கா பூட்டுன்னுதானே சொன்னே?"

"ஆமாக்கா."

"டைரி லிஸ்ட்ல என் பேருக்கு மேல உன் பேரு. அவசரத்துல அதை அமுக்கிட்டேன். என் வாக்கியத்தைத்தான் போட்டேன். உன் பக்கம் தொறந்துடுச்சு."

கிரிஜா, படித்தீர்களா என்று கேட்காமல் சுற்றி வளைத்தாள்.

"உங்க வாக்கியம் என்னக்கா?"

"முருகா, என் முட்டிவலிய எடுத்துடு."

கிரிஜாவினுடையது: முருகா, எனக்குத் தைரியம் கொடு.

4.
(இங்கே கொஞ்சம் கணக்கு. தாண்டிப் போகிறவர்கள் போகலாம்.)

பூட்டு எழுத்தை எண்ணவில்லை, கணினியின் சேமிப்பு அலகான பைட்டை எண்ணியது. சாவியின் முதல் பதினாறோடு நிறுத்திக்கொண்டது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழில் 'ம'வுக்கு மூன்று, அதை 'மு' ஆக்க இன்னும் மூன்று. முருகா முடிவதற்குள்ளேயே பதினாறு தீர்ந்துவிடும். அப்புறம் வேண்டிக்கொண்டதெல்லாம் கதவுக்கு வெளியே. சின்னச் சின்ன ஆங்கிலச் சொற்களை வைத்துச் சோதித்தபோது எல்லாம் சரியாக இருந்தது. சாமி பேர் சொல்லாமல் நம்மவர்கள் எதையும் ஆரம்பிப்பதில்லை என்பதை, தானே அப்படி ஆரம்பித்தும், அவள் யோசிக்கவில்லை.

"எல்லார்கிட்டயும் உண்மையச் சொல்லிட்டு மூடிடறேன்க்கா."

"சொல்லு. ஆனா மூடாதே, சரி பண்ணு. மனசுல இருக்கறத எழுத எனக்கு வேற எடம் ஏது?"

"முழு வாக்கியத்தையும் அரைச்சுப் பதினாறுக்குள்ள அடக்கணும்."

"தொவையல் மாதிரியா?"

"அதேதான். அரைச்சப்புறம் எது தேங்கா, எது மொளகான்னு பிரிக்க முடியாது."

ருக்மிணி குரலைத் தாழ்த்தினாள். "படிச்சுட்டேன்டி. அவன்கிட்ட நான் சொல்ல மாட்டேன். அது நீ சொல்ல வேண்டியது. கோவிச்சுப்பான். ஆனா கேப்பான்."

கிரிஜாவுக்கு அழுகை வந்தது. அவமானத்தால் இல்லை, ஒருத்திக்காவது தெரிந்துவிட்ட நிம்மதியால்.

5.
முடிவு ஒன்று: ஷ்யாம் கத்துகிறான். (அவன் அப்படிப்பட்டவனா என்று எனக்குத் தெரியாது.)

முடிவு இரண்டு: அவனே மாற்றலை வேண்டாம் என்று... இது என் சோம்பேறித்தனம்.

நான் கேட்டது இவ்வளவுதான். கிரிஜா பூட்டை அன்றைக்கே பிரித்து எழுதத் தொடங்கினாள். ஷ்யாம் பையோடு உள்ளே வந்து, "மேத்திக் கீரை நல்லா இருந்துது, வாங்கிட்டேன்" என்றான். ருக்மிணி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

"ஷ்யாம், உக்காரு. சென்னையப் பத்திப் பேசணும்."

அவன் பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

அப்போது பார்த்துப் பஸ் பிம்ப்ரிக்கு வந்துவிட்டது. இரண்டு பெண்களும் இறங்கினார்கள். இறங்கும்போது கிரிஜா சிரித்துக்கொண்டிருந்தாள், அதற்கு நான் சாட்சி.

பூட்டு இப்போது முழு வாக்கியத்தையும் கேட்கிறது. முருகா வரை நான் எழுதிவிட்டேன். அதற்கப்புறம் உங்களுடையது.