அதுவா உடைஞ்ச கூஜா

தெருக்கோடிக் கிடங்கில் திறந்த பழுதுபார்ப்புக் கூடத்தில், பொருளை யார் உடைத்தது என்று உண்மையைச் சொல்லாதவரை பசை ஒட்டாது, ஈயம் பிடிக்காது, ஆணி இறங்காது. திறந்த வாரமே இது தெரிந்துவிட்டது. தொடங்கியவள் அச்சகத்தில் புத்தகம் தைத்து ஒட்டி ஓய்வுபெற்றவள், பெயர் பசையக்கா. வேண்டாத சாமானைத் தாருங்கள், சரிசெய்து வைக்கிறேன், வேண்டியவர் எடுத்துப்போகலாம் என்று அவள் வீடுவீடாகச் சொன்னபோதே ஊர் முகத்தைச் சுளித்தது. "ஆதாயம் இல்லாம ஆத்தோட போவாளா?" என்றார்கள்.

முதலில் ஒரு குமாஸ்தா மேஜை விசிறியைக் கொண்டுவந்தார். "அதுவா நின்னுடுச்சுக்கா." அறுந்த கம்பியில் பற்றவைத்த ஈயமெல்லாம் சேம்பிலைத் தண்ணீராய் உருண்டோடியது. பின்னால் நின்ற மனைவிக்குப் பொறுக்கவில்லை. "சொல்லித் தொலைங்களேன்! கோவத்துல நீங்கதானே எட்டி உதைச்சீங்க?" அவர் தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றதும் ஈயம் பிடித்தது, விசிறி சுற்றியது. அப்புறம் கேட்க வேண்டுமா! குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்காமல் இருக்குமா? பாதிப்பேர் அந்தப் பக்கமே வரவில்லை. மீதிப்பேர் சாமானோடு சந்தேகப்பட்ட ஆளையும் இழுத்துவந்தார்கள். மாமியார் மருமகளை இழுத்துவந்தால், மறுவாரம் மருமகள் மாமியாரை இழுத்துவந்தாள். இஸ்திரிப்பெட்டி சரியாகும், வீடு பழுதாகும்.

பசையக்காவுக்கு இதில் வருத்தமில்லை. அவளுக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. அம்மா இறந்த பிறகு வீட்டுச் சாமானைப் பங்கு பிரிக்கும்போது, அலமாரியிலிருந்த பீங்கான் கூஜா இரண்டாகக் கிடந்தது. தனக்குக் கிடைக்காதது அக்காவுக்கும் வேண்டாமென்று தங்கச்சிதான் உடைத்தாள் என்று இவள் நினைத்தாள். தங்கச்சி இவளை நினைத்தாள். ஆளுக்கொரு துண்டை எடுத்துக்கொண்டு போனவர்கள் எட்டு வருஷமாக முகம் பார்க்கவில்லை. இப்போது இவள் ஆள் அனுப்பினாள். தங்கச்சி தன் பாதியைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

"இன்னிக்கு உன் வண்டவாளம் தண்டவாளம் ஏறட்டும்."

"ஏறட்டும். நீயே சொல்லு."

"நீ சொல்லு."

இருவரும் சொல்லவில்லை. பசை மேஜையில் வழிந்தது. அடுத்த ஞாயிறும் தங்கச்சி வந்தாள், அதற்கடுத்த ஞாயிறும். இப்படியே ஒரு வருஷம் போனது. சும்மா உட்கார முடியாமல் தங்கச்சி நாற்காலிகளுக்குப் பிரம்பு பின்ன ஆரம்பித்தாள். முட்டிவலியைப் பற்றிக்கூடப் பேசிக்கொண்டார்கள், ஆனால் ஒருத்தி மேல் ஒருத்தி வைத்த சந்தேகக் கண்ணை மட்டும் எடுக்கவில்லை. கடைசியில் தங்கச்சிதான் இறங்கிவந்தாள். "சரிக்கா, நான்தான் உடைச்சேன். போதுமா? என் வீட்டுக்கு வா."

பசை வழுக்கிக்கொண்டு போனது.

பசையக்கா துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்படியானால் தங்கச்சி உடைக்கவில்லையா? "அப்ப நீதான்," என்றாள் தங்கச்சி. தான் உடைக்கவில்லையென்று தெரிந்தும் இவள் ஆமாம் என்றாள். அதற்கும் ஒட்டவில்லை. இரண்டு வீட்டு ஆண்களையும் வரவழைத்துச் சொல்லவைத்தார்கள். அதற்கும் இல்லை. தங்கச்சி அலுத்துப்போய், "அதுவாதான் உடைஞ்சிருக்கும் போல," என்றாள்.

இரண்டு துண்டும் கைக்குள்ளேயே சேர்ந்துகொண்டன.

"பாவி, உன்னைப் போய் சந்தேகப்பட்டேனே!" என்று பசையக்கா வாய்விட்டு அழுதாள். தங்கச்சி அழவில்லை. "என் பொண்ணு கல்யாணத்துக்குக்கூட நீ வரல," என்றாள்.

அன்று மாலையே ஒரு புடவை வாங்கிக்கொண்டு பசையக்கா அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்த மாப்பிள்ளை கூடத்துப் பக்கமே வராதவன், அவனுக்கு ஆள் தெரியவில்லை.

"நீங்க யாரும்மா?"

"உன் பொண்டாட்டிக்குப் பெரியம்மா."

"இத்தனை நாளா வரலையே?"

"ஒரு கூஜா உடைஞ்சுபோச்சுப்பா."

"யாரு உடைச்சா?"

"யாருமில்ல. அதுவா."

அவனும் அந்தக் கூடத்தின் கதை தெரிந்த ஊர்க்காரன்தான். மேற்கொண்டு எதுவும் கேட்காமல், "உள்ள வாங்கத்தே," என்று வழிவிட்டான்.